விளக்கேந்திய நங்கை வீடு திரும்பியபோது

(பத்தாம் வகுப்பு மாணவி)



கையில் விளக்குடன் நள்ளிரவில் நோயாளிகளின் படுக்கைகளுக்கிடையே நடந்து செல்லும் ஓர் அம்மையாரின் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிறு வகுப்புகளில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். பேச்சுப் போட்டிகளில் பேசியிருக்கிறோம். மாறுவேடப் போட்டியில் வெள்ளைத் தொப்பி அணிந்து அவராகவே நின்றும் இருக்கிறோம். அவர்தாம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

ஆனால் நாம் மனப்பாடம் செய்து பேசும் பேச்சுகள் பெரும்பாலும் போர்க்கள மருத்துவமனையோடு முடிந்துவிடுகின்றன. போர் முடிந்தது, அம்மையார் நாடு திரும்பினார், உலகப் புகழ் பெற்றார் என்று இரண்டொரு வரிகளில் மீதி வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறோம். நாடு திரும்பியபோது அவருக்கு வயது 36. அதற்குப் பின்னர் அவர் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் அயல்நாட்டில் போர்ப்பணி செய்ததோ இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே!

பிறர் துயர் துடைக்கக் கடல் கடந்து சென்ற ஒருவர் வீடு திரும்பிய பிறகு அவருடைய உள்ளம் என்ன பாடுபடுகிறது? ஆயிரம் பேரைத் தேற்றியவரைத் தேற்றுவது யார்? நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை தருகிறது. ஆகவே நாம் அதிகம் பேசாத அந்தப் பகுதியையே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

இளமையும் இறைவனின் அழைப்பும்

பிளாரன்ஸ் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலி நாட்டில் உள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். தந்தை வில்லியம் நைட்டிங்கேல் பெருஞ்செல்வர், தாய் பிரான்சஸ். ஓராண்டு மூத்த தமக்கை பார்த்தினோப். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்தில் லீ ஹர்ஸ்ட் என்னும் மாளிகையும், தெற்கே எம்ப்ளி என்னும் மற்றொரு மாளிகையும் அவர்களுக்கு இருந்தன. தந்தையே தம் புதல்வியர் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைக் கற்பித்தார். கணிதத்தின்மேல் பிளாரன்ஸுக்குத் தனி விருப்பம் இருந்தது.

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தம் 16-ஆம் வயதில், இறைவன் தம்மைத் தம் பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். ஏறக்குறைய நம் வயதுதான்! ஆனால் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது அக்காலத்தில் இங்கிலாந்தில் மதிப்புள்ள தொழிலாகக் கருதப்படவில்லை. தாயும் தமக்கையும் அழுது தடுத்தனர். பல ஆண்டுகள் காத்திருந்த பின், 1851-இல் ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைவியானார்.

ஸ்கூட்டாரியில்

1854-இல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ரஷ்யாவுடன் போரிட்டன. அதுவே கிரிமியப் போர். காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கு அவர்கள் கட்டுத்துணிகூட இல்லாமல் மடிவதை லண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. போர்த்துறை அமைச்சரும் நைட்டிங்கேல் அம்மையாரின் நண்பருமான சிட்னி ஹெர்பர்ட், செவிலியரை அழைத்துச் செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார்.

38 பெண்களுடன் புறப்பட்ட அவர், 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி சேர்ந்தார். அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களில் ஐவர் லண்டன் பெர்மண்ட்சியில் இருந்த இரக்கத்தின் சகோதரிகள் மடத்தைச் சேர்ந்தவர்கள். அம்மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அவர்களை நடத்தி வந்தார். தோழியரே, இந்த அன்னையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவரை மீண்டும் சந்திப்போம்.

ஸ்கூட்டாரியில் அம்மையார் செய்த பணி நாம் அறிந்ததே. தரையைத் தேய்த்துக் கழுவச் செய்தார், சமையலறையைச் சீர்ப்படுத்தினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், இறந்த வீரர்களின் தாய்மாருக்கும் மனைவியருக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதினார். வீரர்கள் ஊதியத்தைக் குடித்து அழிக்காமல் வீட்டுக்கு அனுப்பவும் வழி செய்தார். ஆறே மாதங்களில் அவ்வாறு சென்ற தொகை 71,000 பவுன்! படிப்பறைகளும் திறந்து வைத்தார். உடலுக்கு மருந்து கொடுத்தால் போதாது, ஊரை விட்டு வந்தவனின் மனத்துக்கும் ஆறுதல் வேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

ஆயினும் முதல் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் ஸ்கூட்டாரியில் 4,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தனர். 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச் மாதத்தில் சுகாதாரக் குழு ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து, கட்டடத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, குடிநீர் வழிகளைச் சீர்செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

அந்த ஆண்டு மே மாதம் பாலக்ளாவாவுக்குச் சென்றபோது அம்மையாரையே கடுங்காய்ச்சல் பற்றியது. பல நாட்கள் உயிருக்குப் போராடினார். தலைமுடியைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. பிழைத்தெழுந்ததும் மற்றவர்கள் சொல்லியும் கேளாமல் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

ஆரவாரம் இல்லாத வருகை

1856 மார்ச்சில் போர் முடிந்தது. கடைசி நோயாளியும் மருத்துவமனையை விட்டுச் சென்ற பிறகே, ஜூலை 28-ஆம் நாள் அம்மையார் புறப்பட்டார். அவரை அழைத்துவரப் போர்க்கப்பல் ஒன்றை அனுப்ப அரசாங்கம் முன்வந்தது. மூன்று படைப்பிரிவுகள் தம் பாண்டு வாத்தியக் குழுக்களுடன் எதிர்கொண்டு அழைக்கக் காத்திருந்தன. ஊர்மக்கள் தோரண வாயில்கள் கட்டவும், அவர் வரும் வண்டியைக் குதிரைக்குப் பதில் தாங்களே இழுக்கவும் ஆசைப்பட்டனர்.

அவரோ அத்தனையையும் மறுத்துவிட்டார். ஸ்மித் என்ற சாதாரணப் பெயரில், தம் அத்தையுடன் ஒரு பயணக் கப்பலில் ஏறி, மார்செய் துறைமுகம் வழியாகப் பாரிஸ் வந்து, அங்கிருந்து லண்டன் சேர்ந்தார். அவர் வந்த செய்தி யாருக்கும் தெரியாது.

லண்டனில் அவர் முதன்முதல் எங்கே போனார் தெரியுமா? அரண்மனைக்கு அன்று, அமைச்சர் வீட்டுக்கு அன்று, தம் வீட்டுக்கும் அன்று. ஆகஸ்டு 7-ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, பெர்மண்ட்சி மடத்தின் கதவருகே நின்று மணியை அடித்தார்!

அன்று அம்மடத்துக் கன்னியரின் ஆண்டுத் தியானத்தின் முதல் நாள். தியான நாட்களில் மடம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை நாம் அறிவோம். அந்த அமைதிக்குள் அம்மையாரும் அமர்ந்தார். அன்னை கிளேர் மூர் அதே ஆண்டு வசந்தத்தில்தான், நோயுற்று, ஸ்கூட்டாரியிலிருந்து திரும்பியிருந்தார். அவர் கண்ட அதே படுக்கைகளை இவரும் கண்டவர். அவர் கேட்ட அதே முனகலை இவரும் கேட்டவர். எனவே இருவருக்கும் இடையே விளக்கங்கள் தேவைப்படவில்லை. அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். அந்தக் கதவு அதற்காக மூடப்படவில்லை. காலைப்பொழுதை மௌனத்திலும் செபத்திலும் கழித்துவிட்டுப் பிற்பகல் ரயிலேறினார். மாலையில் சிற்றூர் நிலையத்தில் இறங்கித் தனியே நடந்து லீ ஹர்ஸ்ட் மாளிகையை அடைந்தார். அவர் வருவதை முதலில் கண்டது வீட்டுப் பொறுப்பாளராக இருந்த மூதாட்டி.

அவருக்கு முன்னரே அவருடைய போர்க்களச் செல்வங்கள் வீடு வந்து சேர்ந்திருந்தன. ஒரு காலை இழந்த கப்பற்சிறுவன் ஒருவன். பீட்டர் என்ற ரஷ்ய அனாதைச் சிறுவன். வீரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய நாய்க்குட்டி ஒன்று. தங்கமும் வெள்ளியும் அல்ல, இவையே அவர் கொண்டு வந்தவை.

உடல் வந்தது, உள்ளம் வரவில்லை

இனி ஓய்வு எடுப்பார், உடல் தேறுவார் என்று எல்லோரும் நினைத்தனர். ஆனால் அவரால் ஓய்வு கொள்ள முடியவில்லை. உணவு செல்லவில்லை, உறக்கம் வரவில்லை. மென்மையான மெத்தையும் வெள்ளித் தட்டுகளும் அவரை வருத்தின. அயல்மண்ணில் புதைக்கப்பட்ட வீரர்களின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. தம்மை நம்பியிருந்த பிள்ளைகளை அங்கே கல்லறையில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் வீடு வந்துவிட்ட கெட்ட தாயைப் போல அவர் தம்மைக் கருதினார். தம் அந்தரங்கக் குறிப்புகளில் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்.

மாளிகை வாயிலில் கூட்டம் கூடியது. நாள்தோறும் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்தன. அவர் யார் முன்னும் தோன்றவில்லை. புகழ்மாலை அவருக்கு ஆறுதலாக இல்லை, பாரமாகவே இருந்தது.

குடும்பத்தார் அவர்மீது அன்பு இல்லாதவர்கள் அல்லர். தமக்கை பார்த்தினோப் அவருக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் அமர்ந்து பதில் எழுதினார். தாய் தம் மகளின் புகழில் பூரித்தார். ஆனால் அவர் எங்கே போய்வந்தார் என்பதை அவர்களால் மனத்தால் காண முடியவில்லை. லண்டனில் ஒரு விடுதியில் அவர் இரவும் பகலும் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, தாயும் தமக்கையும் கூடவே வந்து தங்கினர். சாய்விருக்கையில் படுத்தபடி, பூங்கொத்துகளை அடுக்கிக் களைத்துவிட வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்! இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அருகில் அமர்ந்திருந்த அம்மையாருக்கோ எவ்வளவு தனிமையாக இருந்திருக்கும்!

ஆறாத காயம்

1856 செப்டம்பரில் விக்டோரியா அரசியார் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் தங்கியிருந்தபோது அம்மையாரைச் சந்தித்தார். பரிசு எதுவும் கேளாமல், படைவீரர்களின் உடல்நலம் பற்றி ஆராய ஓர் அரச விசாரணைக் குழு வேண்டும் என்றே அம்மையார் கேட்டார். 1857 மே மாதம் அக்குழு, சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் அமைந்தது.

அக்குழுவுக்காக வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞருடன் அமர்ந்து அவர் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். அப்போது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களில் ஏறத்தாழ 16,000 பேர் குண்டு பட்டு அன்று, நோயால் இறந்தவர்கள். அதிலும் தாம் பணிபுரிந்த ஸ்கூட்டாரி மருத்துவமனையே சாக்கடையின் மேல் நின்று உயிர்களைக் குடித்திருக்கிறது! அன்று அதை அறிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர்? இந்த எண்ணமே அவரை உடைத்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

1857 ஆகஸ்டில் அவர் அடியோடு தளர்ந்து விழுந்தார். மால்வெர்ன் என்னும் ஊருக்கு நீர்ச் சிகிச்சைக்குச் சென்றார். தாம் இறக்கப்போவதாகவே எண்ணி, தம் சாவுக்குப் பின் சேர்க்க வேண்டிய கடிதத்தையும் எழுதி வைத்தார். அதன் பிறகு அவர் 53 ஆண்டுகள் வாழ்ந்தார் என்றாலும், அவற்றில் பல ஆண்டுகளைப் படுக்கையிலும் சாய்விருக்கையிலுமே கழித்தார்.

அது என்ன நோய்? அக்கால மருத்துவர்களுக்குப் புரியவில்லை. பாலக்ளாவாவில் பற்றிய காய்ச்சல், ஆட்டுப்பால் முதலியவற்றால் பரவும் புரூசெல்லா என்னும் கிருமியால் வந்து, உடம்பில் நெடுங்காலம் தங்கியிருக்கலாம் என்று 1995-இல் ஒரு மருத்துவ ஆய்வாளர் எழுதினார். அக்கிருமி 1887-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. போரையும் பேரழிவையும் கண்டு திரும்புவோருக்கு உண்டாகும் மனக்காயமும் அதனுடன் சேர்ந்திருக்கலாம் என்பர் வேறு சிலர். அத்தகைய மனக்காயத்துக்கு மருத்துவ நூல்களில் இன்றுள்ள தனிப்பெயர் கிடைத்ததே 1980-ஆம் ஆண்டில்தான். எப்படியாயினும், உடலும் உள்ளமும் இணைந்தே நோயுற்றன. பெயர் தெரியாத நோய் என்பதற்காக வலி இல்லாமல் போய்விடுமா?

தாங்கிய கரங்கள்

அந்த இருண்ட ஆண்டுகளில் அவரைத் தாங்கியவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய படங்கள் நம் பாடநூல்களில் இல்லை.

முதலாமவர் அத்தை மேரி ஸ்மித். வீட்டில் அனைவரும் அவரை மே அத்தை என்றே அழைத்தனர். அவர் பிளாரன்ஸின் தந்தையோடு உடன்பிறந்தவர். பிளாரன்ஸின் தாய்மாமனை மணந்தவர். நம் உறவுமுறைப்படி பார்த்தால் இருவழியிலும் அத்தைதான்! 1855-இலேயே ஸ்கூட்டாரிக்குச் சென்று மருமகளுக்குத் துணையாக இருந்தவர் அவர். திரும்பும் பயணத்தில் உடன் வந்தவரும் அவரே. 1857-இல் அம்மையார் தளர்ந்து விழுந்தபோது, தம் கணவரையும் பிள்ளைகளையும் விட்டு வந்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் உடனிருந்தார். பார்வையாளர்களைத் தடுத்தார்; கடிதங்களைப் படியெடுத்தார்; இரவில் விழித்திருந்தார்.

1860-இல் தம் குடும்பத்தை முன்னிட்டு அத்தை வீடு திரும்பியபோது, அம்மையார் அதை ஏற்கவில்லை. தம்மைக் கைவிட்டதாக மனம் கசந்தார். பல ஆண்டுகள் அந்தக் கசப்பு நீடித்தது. முதுமையில்தான் உறவு மீண்டும் மலர்ந்தது. பெரியோர் வாழ்க்கையில் இப்படிப்பட்ட குறையை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆறாத காயம் உள்ளவர்கள் சில வேளைகளில் தம்மை மிகவும் நேசிப்பவர்களையே புண்படுத்திவிடுகிறார்கள். உதவி செய்பவருக்கும் ஓய்வு தேவை. இவ்விரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இரண்டாமவர்கள் உடன் உழைத்த நண்பர்கள். சுகாதாரக் குழுவில் ஸ்கூட்டாரிக்கு வந்திருந்த மருத்துவர் ஜான் சதர்லண்டு, பின்னர் பல்லாண்டுகள் அவர் வீட்டுக்கு வந்து எழுத்துப் பணியில் உதவினார். மே அத்தையின் மருமகனான கவிஞர் ஆர்தர் கிளஃப், ரயில் சீட்டு வாங்குவது, அச்சுப்பிழை திருத்துவது போன்ற சிறு வேலைகளையும் மகிழ்வோடு செய்தார். சிட்னி ஹெர்பர்ட் தம் உடல் நலிவையும் பாராது உழைத்தார். 1861 ஆகஸ்டில் ஹெர்பர்ட்டும் நவம்பரில் கிளஃபும் அடுத்தடுத்து இறந்தது அம்மையாருக்குப் பேரிடியாயிற்று.

மூன்றாமவர் நம் அன்னை கிளேர் மூர். மேலாண்மையிலும் ஆன்மிகத்திலும் அந்த அன்னை தம்மைவிட உயர்ந்தவர் என்று அம்மையார் அவருக்கே எழுதினார். ஸ்கூட்டாரியில் உடன் உழைத்த சகோதரி கொன்சாகாவை அன்போடு கர்தினால் என்று கேலிப் பெயரிட்டு அழைப்பார். அன்னை அவருக்குச் சிலுவை அருளப்பர் போன்ற புனிதர்களின் நூல்களைக் கொடுத்து உதவினார். மதம் மாறும்படி வற்புறுத்தவில்லை, தளர்ந்தபோது தேற்றினார், அவருக்காகச் செபித்தார். 1874 டிசம்பரில் அன்னை இறக்கும்வரை, 20 ஆண்டுகள் அந்த நட்பு நிலைத்தது.

இவர்களோடு இன்னும் சில தோழர்கள் அவருக்கு உண்டு. அவை பூனைகள்! வீடு நிறையப் பூனைகள் வளர்த்தார். ஒரு பெரிய பூனைக்கு ஜெர்மன் முதலமைச்சர் பிஸ்மார்க்கின் பெயரையே வைத்திருந்தார். எழுதும் தாள்களின் மேல் பூனைப் பாதங்களின் மைத்தடங்கள் பதிந்திருக்குமாம்.

படுக்கையிலிருந்து பிறந்த பணிகள்

இறந்த வீரர்களை மறக்க முடியாத அவர், அவர்களுக்காக ஒன்று செய்ய முடிவு செய்தார். இனி வரும் வீரர்கள் அவ்வாறு சாகக் கூடாது! அதற்காகவே எழுதினார். 1858-இல் படைவீரர் உடல்நலம் பற்றி 800 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையை அச்சிட்டார். சாவின் காரணங்களை வண்ண வட்டப் படங்களாக வரைந்து காட்டினார். அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. படைவீரர் குடியிருப்புகள் சீர்திருந்தின. படை மருத்துவர்களுக்கெனத் தனிக் கல்லூரி 1860-இல் தொடங்கியது.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆயினும் 1859 முதல் நம் நாட்டுச் சுகாதாரத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த சாவு 18 ஆகக் குறைந்ததை 1873-இல் எடுத்துக் காட்டினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைக் கேள்வியுற்று, நீர்ப்பாசனம் வேண்டும் என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதினார்.

வேலை அவருக்கு மருந்தாக இருந்தது உண்மை. ஆனால் அளவு கடந்த வேலையே அவர் உடலை மேலும் நலிவித்ததும் உண்மை. ஓய்வெடுக்கச் சொன்ன நண்பர்களை அவர் கடிந்துகொண்டார். இதில் நாம் அவரைப் பின்பற்றத் தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாம் பெற்ற ஆறுதலைப் பிறர்க்கு

மக்கள் நன்றியோடு திரட்டித் தந்த ஏறத்தாழ 45,000 பவுனைக் கொண்டு, 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு ஒவ்வொரு மாணவிக்கும் தனி அறை உண்டு. பொதுவான அமரும் அறையும் அங்கே புத்தகங்களும் மலர்களும் உண்டு. செவிலிப் பெண் பிறருக்காக உழைத்துவிட்டு வரும்போது அவளுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் மனம் கனிந்தது. பயிற்சி பெற்ற பெண்களை ஒருவர் ஒருவராகத் தம் வீட்டுக்குத் தேநீருக்கு அழைப்பார். அவர்களைப் பேசச் சொல்லித் தாம் கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது புதிய ஊருக்குப் பொறுப்பேற்கச் சென்றால், அவர் போய்ச் சேரும் அறையில் அம்மையார் அனுப்பிய மலர்கள் காத்திருக்கும். நோயுற்றவர்களுக்கு உணவுப் பொருள்கள் அனுப்புவார்; களைத்தவர்களுக்கு ஓய்வுக்கு வழி செய்வார். 1872 முதல் தம் பள்ளிச் செவிலியருக்கென்று நீண்ட கடிதங்கள் எழுதினார். முன்பு பெர்மண்ட்சி மடத்தின் கதவு தமக்குத் திறந்தது போலவே, தம் வீட்டுக் கதவை அவர் பிறருக்குத் திறந்து வைத்தார்.

1882 நவம்பரில் எகிப்துப் போரிலிருந்து வீரர்கள் லண்டன் திரும்பினர். நெடுங்காலமாக நோயாளியாக வீட்டிலேயே இருந்த அம்மையார், 62 வயதில், விக்டோரியா ரயில் நிலையத்துக்கே சென்று அவர்கள் வந்திறங்குவதைக் கண்டார். 26 ஆண்டுகளுக்கு முன் தம்மை எதிர்கொள்ள வந்த பாண்டு வாத்தியத்தை மறுத்தவர், மற்றவர்கள் வீடு திரும்பும்போது தாமே எழுந்து போய் நின்றார்!

இறுதி நாட்கள்

தாய் முதுமையுற்றபோது அம்மையாரே உடனிருந்து கவனித்தார். தாய் 1880-இல் இறந்தார். தமக்கையுடன் இருந்த பழைய பிணக்கும் மறைந்தது. பார்த்தினோப் நோயுற்றுக் கிடந்த நாட்களில் தங்கை அவருக்குத் துணையானார். 1890-இல் தங்கையின் பிறந்தநாளான மே 12 அன்றே தமக்கை இறந்தார்.

1907-இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயர்ந்த விருதைப் பெற்ற முதல் பெண்மணி என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், 90-ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. பேரரசர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், குடும்பத்தார் அவர் விருப்பப்படி மறுத்தனர். படைவீரர் அறுவர் பெட்டியைச் சுமக்க, கிராமத்து ஆலய முற்றத்தில் பெற்றோர் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் அவருடைய முழுப்பெயர்கூட இல்லை. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறப்பு, இறப்புக் குறிப்புமே உள்ளன. அவர் பிறந்த மே 12 அன்று உலகம் முழுவதும் செவிலியர் நாள் கொண்டாடப்படுகிறது.

நாம் கற்க வேண்டியது

தோழியரே! வெள்ளம், பஞ்சம், போர், கொள்ளைநோய் என்று எங்கே துன்பம் நேர்ந்தாலும், அங்கே ஓடிச் சென்று உதவும் மருத்துவரும் செவிலியரும் கன்னியரும் தொண்டர்களும் இன்றும் உண்டு. அவர்கள் புறப்படும்போது வழியனுப்புகிறோம், திரும்பும்போது மாலையிடுகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். திரும்பி வந்தவர்களின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்பதை இன்று பல தொண்டு நிறுவனங்கள் உணர்ந்திருக்கின்றன. நைட்டிங்கேல் அம்மையார் காலத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஓர் அத்தையும், சில நண்பர்களும், ஒரு மடத்தின் கதவும்தான் இருந்தன.

அப்படிப்பட்ட ஒருவர் நம் வீட்டுக்கோ நம் தெருவுக்கோ திரும்பி வந்தால், அங்கே என்னென்ன பார்த்தாய் என்று ஆவலோடு கேள்விகளை அடுக்க வேண்டாம். ஊருக்கு வந்துவிட்டாயே, இனி என்ன கவலை என்றும் சொல்ல வேண்டாம். அவர் பேச விரும்பினால் கேட்போம். பேசாமல் இருக்க விரும்பினால் அருகில் அமர்ந்திருப்போம். அவர் சிடுசிடுத்தாலும் பொறுத்துக்கொள்வோம். சூடாக ஏதாவது சாப்பிடக் கொடுப்போம். இவற்றுக்குப் பெரிய படிப்போ பணமோ தேவையில்லை.

விளக்கேந்திய கைகளை உலகம் போற்றுகிறது. அக்கைகள் களைத்து வீடு திரும்பும்போது அவற்றைப் பற்றிக்கொள்ளும் கைகளாக நம் கைகள் விளங்கட்டும்!